குன்றத்தூர்ல இருந்து ஸ்பிட்ஃபயர் ஓட்டுவது எப்படி?

டிஸ்கி: இது ராணுவ ரகசியம் இல்லீங்க. கம்ப்யூட்டர்ல ஓட்டுற விமானத்தைப் பத்தின பதிவு. கேம்னாலே அலர்ஜி உள்ளவங்களும் தைரியமா படிக்கலாம். சுடுறதைப் பத்தி ரொம்பக் கம்மியாத்தான் எழுதியிருக்கேன்.

விமானச் சண்டை கேம்னு சொன்னதும் எல்லாரும் என்ன நினைப்பாங்க? நாலு அம்புக்குறி பட்டன், ஒரு ஸ்பேஸ் பார், டுமீல் டுமீல். தங்கமணியும் அப்படித்தான் நினைச்சாங்க. பத்து நிமிஷம் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துட்டு, "எப்ப சண்டை வரும்?"ன்னு கேட்டாங்க. "இன்னும் ஆயில் சூடாகலை"ன்னு சொன்னேன். எழுந்து போனவங்க அப்புறம் இந்தப் பக்கமே வரலை.

விஷயமே அதுதான். 2001ல வந்த 'ஐஎல்-2 ஸ்டர்மோவிக்' தொடங்கி இன்னிக்கு இருக்கிற 'டிசிஎஸ்' வரைக்கும், இரண்டாம் உலகப் போர் விமானங்களை நிஜமா காட்டுற சிமுலேட்டர்கள்ல உங்க முதல் எதிரி ஜெர்மன்காரனும் இல்ல, ஜப்பான்காரனும் இல்ல. உங்க மூக்குக்கு முன்னாடி இருக்கிற என்ஜின். அதைப் புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா வரும். புரியலைன்னா எதிரி உங்களைத் தேடி வர வேண்டிய அவசியமே இல்ல.

சரி, மேட்டருக்கு வருவோம்.

அது என்ஜின் இல்ல, ஒரு சின்ன ஃபேக்டரி

ஸ்பிட்ஃபயர் 9ம் மார்க்கையே எடுத்துக்குவோம். உள்ள இருக்கிறது ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின். 12 சிலிண்டர், மொத்தம் 27 லிட்டர். அதாவது ஒரு சிலிண்டருக்கு 2,250 சிசி. ஆறு புல்லட் 350 ஒரே சிலிண்டருக்குள்ள அடங்கிடும். அந்த மாதிரி பன்னிரண்டு. இதோட, காத்தை அழுத்தி உள்ள தள்ளுற சூப்பர்சார்ஜர் வேற.

கார்ல நமக்கு ஒரே ஒரு ஆக்சிலரேட்டர். இங்க கைக்கு ரெண்டு வேலை. ஒண்ணு த்ராட்டில், அது என்ஜினுக்குள்ள எவ்வளவு காத்து போகணும்னு சொல்லும். இன்னொண்ணு புரொப்பெல்லர் லீவர், அது என்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்தணும்னு சொல்லும். சுத்து கூடக் குறைய ஆகாம இருக்க, விசிறியோட இறக்கைக் கோணம் தானா மாறிக்கும். அமெரிக்க விமானம்னா பெட்ரோல்-காத்துக் கலவைக்கு மிக்ஸ்சர் லீவர் தனியா இருக்கும். ஸ்பிட்ஃபயர் 9ல அது தானியங்கி, ஓடுறதுக்கும் நிறுத்துறதுக்கும் மட்டும்தான் லீவர்.

இதுல ஒரு தங்க விதி. சக்தி கூட்டும்போது முதல்ல சுத்து, அப்புறம் த்ராட்டில். குறைக்கும்போது முதல்ல த்ராட்டில், அப்புறம் சுத்து. ஏன்னு கேட்டா பல்லாவரம் மேம்பாலத்தை நினைச்சுக்கோங்க. பைக்ல டாப் கியர்ல மெதுவா போய்க்கிட்டிருக்கும்போது மேடு வருது. கியரைக் குறைக்காம ஆக்சிலரேட்டரை முறுக்கினா என்ஜின் 'கடகட'ன்னு தட்டும் இல்லையா? அதே கதைதான். சுத்து கம்மியா இருக்கும்போது காத்தைத் திணிச்சா சிலிண்டருக்குள்ள எரிபொருள் ஒழுங்கா எரியாம வெடிக்கும். பைக்னா தட்டுறதோட விட்டுடும். மெர்லின்ல பிஸ்டன் ஓட்டையாகும்.

நாலு நாடு, நாலு கணக்கு

காத்து எவ்வளவு அழுத்தத்துல உள்ள போகுதுன்னு காட்டுறதுக்கு ஒரு மீட்டர் இருக்கு. அதுலதான் புதுசா வர்றவங்களுக்குத் தலை சுத்தும். பிரிட்டிஷ்காரன் வெளிக்காத்துக்கு மேல எத்தனை பவுண்டுன்னு எழுதுவான். அமெரிக்காக்காரன் பாதரசம் எத்தனை இன்ச்சுன்னு எழுதுவான். ரஷ்யாக்காரன் அதே பாதரசத்தை மில்லிமீட்டர்ல சொல்லுவான். ஜெர்மன்காரனுக்கு 'அட்டா'ன்னு தனிக் கணக்கு.

ஸ்பிட்ஃபயர்ல +18 பவுண்டுன்னா, முஸ்டாங்ல அது 67 இன்ச். ரெண்டும் ஒரே அழுத்தம்தான். ரெண்டுலயும் இருக்கிறது மெர்லின்தான், முஸ்டாங்குக்கு அதை அமெரிக்காவுல பேக்கார்ட் கம்பெனி செஞ்சு கொடுத்தது. நம்ம ஊர்ல பவுன், சவரன், கிராம்னு நகைக்கடையில குழம்புறவங்களுக்கு இது பெரிய விஷயமில்ல.

ஜெர்மன் ஃபோக்வுல்ஃப் 190 ஓட்டினா இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. ஒரே லீவர். சுத்து, கலவை, எல்லாத்தையும் 'கொமாண்டோகெரெட்'னு ஒரு பெட்டி பார்த்துக்கும். கம்ப்யூட்டர் வராத காலத்துல, எண்ணெய் அழுத்தத்தையும் நெம்புகோல்களையும் வெச்சே செஞ்ச மூளை அது. சிமுலேட்டர்ல அதை ஓட்டுறவங்க எங்களைப் பார்த்து சிரிப்பாங்க. சிரிக்கட்டும்.

வெயில் நமக்கு நண்பன், அப்புறம் எதிரி

ஸ்டார்ட் பண்ணினதும் கிளம்பிட முடியாது. ஆயில் 15 டிகிரி, கூலன்ட் 40 டிகிரி வந்த பிறகுதான் என்ஜினை ஓங்கி ஓடவிட்டுச் சோதிக்கணும். நம்ம குன்றத்தூர்ல அந்த 15 டிகிரிக்கு மார்கழி மாசத்துல கூடக் கவலை இல்ல, ராத்திரி நிறுத்தி வெச்ச வண்டியே அதைத் தாண்டித்தான் இருக்கும். ஆனா ஸ்டாலின்கிராட் பனியில, மைனஸ் டிகிரியில ஆரம்பிச்சீங்கன்னா ஆயில் அல்வா மாதிரி இருக்கும். காத்திருந்துதான் ஆகணும்.

தரையில நிக்கிற ஸ்பிட்ஃபயருக்கு வெயில்ல வேற பிரச்சனை. ரேடியேட்டர் ரெண்டும் இறக்கைக்கு அடியில. விசிறிக் காத்து அங்க சரியா போய்ச் சேராது. நீங்க ஓடுதளத்துல எவனையோ வேடிக்கை பார்த்துக்கிட்டு நின்னா கூலன்ட் முள் ஏறிக்கிட்டே போகும். 135 டிகிரிங்கறது உச்ச வரம்பு, அதுவும் சண்டை நேரத்துல சில நிமிஷத்துக்கு. சித்திரை மாசத்துல நிழலே இல்லாத இடத்துல வரிசையில நிக்கிற மாதிரி நினைச்சுக்கோங்க. சீக்கிரம் மேல போயிட்டா பிழைச்சீங்க.

கிளம்பும்போது இன்னொரு கூத்து. மெர்லின் விசிறி, விமானி இருக்கையில இருந்து பார்த்தா கடிகாரச் சுற்றுல சுத்தும். த்ராட்டிலைத் தள்ளினா மூக்கு இடது பக்கம் ஓடும், வலது காலால ரட்டரை மிதிச்சுப் பிடிக்கணும். 14ம் மார்க்ல மெர்லினுக்குப் பதிலா கிரிஃபன் என்ஜின். அது எதிர்ச் சுற்று. மூக்கு வலது பக்கம் ஓடும். 8ம் மார்க் ஓட்டிப் பழகிட்டு 14க்கு மாறின நிஜ விமானிகளோட காலுக்கு எவ்வளவு குழப்பமா இருந்திருக்கும்! இந்திய விமானப் படைக்கும் இந்த ரெண்டு வகையும் இருந்தது. நம்ம டெம்பஸ்ட் 2ல இருந்த சென்டாரஸ் என்ஜினும் எதிர்ச் சுற்றுதான். 18 சிலிண்டர். 1947 நவம்பர்ல காஷ்மீர்ல ஷாலடெங் சண்டையில இறங்கினது அந்த டெம்பஸ்ட்தான்.

மிஸ் ஷில்லிங்கோட வாஷர்

சண்டைக்கு வந்தா முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது இது. 1940ல பிரிட்டன் மேல நடந்த விமானச் சண்டையில ஒரு வேடிக்கை நடந்துச்சு. மெஸ்ஸர்ஷ்மிட் 109 மூக்கைச் சட்டுனு கீழ தள்ளிப் பாயும். பின்னாடியே ஸ்பிட்ஃபயர் தள்ளினா என்ஜின் 'புக்கு புக்கு'ன்னு விக்கி நிக்கும். காரணம் சாதாரணம்தான். மெர்லின்ல மிதவை வெச்ச கார்புரேட்டர், நம்ம பழைய ஸ்கூட்டர் மாதிரி. விமானம் சட்டுனு கீழ போறப்ப உள்ள இருக்கிற பெட்ரோல் மேல எழும்பிடும். ஜெர்மன் என்ஜின்ல நேரடியா பெட்ரோலைப் பீச்சுற பம்பு. அதுக்கு மேல கீழ எல்லாம் ஒண்ணுதான்.

இதுக்குத் தற்காலிக வழி கண்டுபிடிச்சது பியாட்ரிஸ் ஷில்லிங்னு ஒரு பொறியாளர். மோட்டார் சைக்கிள் பந்தய வீராங்கனையும் கூட. பெட்ரோல் வழியில நடுவுல ஓட்டை போட்ட ஒரு சின்ன உலோகத் தட்டு, அவ்வளவுதான். அளவுக்கு மேல பெட்ரோல் பாயறது நின்னுச்சு. 1941ல விமானத் தளம் தளமாப் போய் மாட்டினாங்க. சிமுலேட்டர்ல 1940ம் வருஷத்து ஸ்பிட்ஃபயர் எடுத்தீங்கன்னா இந்த விக்கல் இன்னிக்கும் இருக்கும். மூக்கைத் தள்ளாதீங்க. கவிழ்த்துப் போட்டு, இழுத்துக்கிட்டு கீழ போங்க. அந்தக் காலத்து விமானிகளும் அதைத்தான் செஞ்சாங்க.

மெட்ராஸ் பேர்ல மூணு ஸ்குவாட்ரன்

இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறவங்களுக்கு ஒரு தகவல். பிரிட்டிஷ் விமானப் படையில 79, 234, 264ன்னு மூணு ஸ்குவாட்ரனுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி'ன்னு பேர் ஒட்டியிருந்தது. நம்ம மாகாணத்துல திரட்டின போர் நிதிக்கு மரியாதையா வெச்ச பேர். யார் யார் விரும்பிக் கொடுத்தாங்க, யார் யார்கிட்ட தாசில்தார் வந்து நின்னதால கொடுத்தாங்கன்னு தனியா ஒரு பதிவே போடலாம், அது இன்னொரு நாள். இதுல 79 ஹரிக்கேனோட 1942ல இந்தியாவுக்கே வந்து பர்மாப் பக்கம் சண்டை போட்டது. 1940ல 234ல ஸ்பிட்ஃபயர் ஓட்டின பாப் டோ, பின்னாடி இந்திய விமானப் படையோட 10வது ஸ்குவாட்ரனை உருவாக்கி பர்மாவுல தலைமை தாங்கினார். அதனால சிமுலேட்டர்ல விமானத்துக்கு வண்ணம் தேர்ந்தெடுக்கச் சொன்னா நான் 234தான் எடுப்பேன். நம்ம தாத்தா காசும் அதுல ரெண்டு ஆணி வாங்கியிருக்கலாம் இல்லையா.

அஞ்சு நிமிஷம்னா என்ன அர்த்தம்?

இப்பத்தான் நான் எழுத வந்த இடமே.

மெர்லின் 66க்கு மூணு வரம்பு போட்டிருந்தாங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் ஓட்டலாம்னா 2650 சுத்து, +7 பவுண்டு. ஒரு மணி நேரம் மேல ஏறலாம்னா 2850, +12. சண்டைன்னா 3000, +18, அஞ்சே நிமிஷம்.

இந்த அஞ்சு நிமிஷத்தை ஒவ்வொரு சிமுலேட்டரும் ஒவ்வொரு மாதிரி புரிஞ்சுக்குது. சிலதுல உள்ளுக்குள்ள ஒரு கடிகாரம் ஓடும். நேரம் முடிஞ்சு கொஞ்ச நேரத்துல என்ஜின் டப்புனு போயிடும். சிலதுல சூட்டை மட்டும் கவனிச்சுக்கிட்டா ரொம்ப நேரம் தாங்கும். எது நிஜம்னு சிமுலேட்டர் ஆளுங்க வருஷக்கணக்கா அடிச்சுக்கறாங்க. (கோயில் யானைக்கு எந்த நாமம்னு அடிச்சுக்கிட்ட மாதிரியேதான்.)

எனக்கு இதுக்கு பதில் கிடைச்சது எங்க பக்கத்துத் தெருவுல இருந்த ஒரு பெரியவர்கிட்ட. விமானப் படையில என்ஜின் ஃபிட்டரா இருந்து ஓய்வு பெற்றவர். தாம்பரத்துல பயிற்சி, அப்புறம் நாடு முழுக்கச் சுத்தி டகோட்டாவோட என்ஜின்களைப் பார்த்துக்கிட்டவர். வாழ்நாள் பூரா என்ஜின் பக்கத்துலயே நின்னதால காது கொஞ்சம் மந்தம். ஒரு நாள் எங்க வீட்டுக்கு வந்தப்ப நான் ஓட்டுறதைப் பார்த்தார். வெளியில தெரியற மேகம், எதிரி விமானம் எதையுமே அவர் பார்க்கலை. மூக்குக் கண்ணாடியை இறக்கி விட்டுக்கிட்டு மீட்டர்களை மட்டும் பார்த்தார்.

"தம்பி, ஆயில் பிரஷரு கொஞ்சம் ஆடுது பாருங்க"ன்னார்.

ஆடத்தான் செஞ்சுது. குண்டு பட்டு ஆயில் ஒழுகிக்கிட்டிருந்தது. திரையில வேற எந்த அறிகுறியும் இல்ல.

அவர்கிட்ட இந்த அஞ்சு நிமிஷக் கதையைக் கேட்டேன். சிரிச்சார். "ஆறாவது நிமிஷம் வெடிச்சிடும்னு யார் சொன்னது? உசுரு போற நேரத்துல விமானி அஞ்சு நிமிஷமா ஆறு நிமிஷமான்னு வாட்ச் பார்ப்பாரா? அவர் ஓட்டட்டும் தம்பி. ஆனா இறங்கி வந்ததும் எங்ககிட்ட சொல்லணும். எழுதணும். நாங்க ஃபில்டரைக் கழட்டி உலோகத் துகள் இருக்கான்னு பார்ப்போம். பிளக்கைக் கழட்டுவோம். அந்த வரம்பு என்ஜினுக்கு மட்டும் போட்டதில்ல. அவருக்கும் எங்களுக்கும் நடுவுல போட்டது."

ஃபார்ம் 700ன்னு ஒரு பதிவேடு உண்டு. பிரிட்டிஷ் காலத்துல இருந்து வர்றது. விமானத்தைப் பார்த்த ஃபிட்டர் அதுல கையெழுத்துப் போடணும். விமானியும் படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டாத்தான் விமானம் அவர் கைக்கு வரும். திரும்பி வந்ததும் என்ன குறைன்னு எழுதணும். டகோட்டாவோட என்ஜின் வட்ட அமைப்பு, சிலிண்டர்கள் சுத்தி நிக்கும். ராத்திரி நிறுத்தி வெச்சா கீழ் சிலிண்டர்ல ஆயில் இறங்கித் தேங்கும். அப்படியே ஸ்டார்ட் பண்ணினா உள்ள இருக்கிற ராடு வளைஞ்சுடும். அதனால காலையில முதல் வேலை, விசிறியைக் கையால தள்ளிச் சுத்தி விடுறது. "மார்கழிக் குளிர்ல அஸ்ஸாம்ல அந்த விசிறியைத் தொட்டா கை ஒட்டிக்கும்"னார். சிமுலேட்டர்ல அதை யாரோ நமக்காகச் செஞ்சு வெச்ச மாதிரி என்ஜின் தயாரா இருக்கு. அந்த யாரோ இவர்தான்.

"நீங்க கையெழுத்துப் போட்ட விமானம் எதுவும் திரும்பி வராம இருந்திருக்கா சார்?"னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசலை. "ஒண்ணு"ன்னார். "மலை, மேகம், அப்படின்னு பின்னாடி அறிக்கை வந்துச்சு. என்ஜின் காரணமில்ல. ஆனா அறிக்கை வர்ற வரைக்கும் நான் தூங்கலை தம்பி. எந்த நட்டை முறுக்கினேன், எதை முறுக்கலைன்னு ராத்திரி பூரா கை தானா கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கும்."

சிமுலேட்டர்ல என்ஜின் போச்சுன்னா ஒரு பட்டன், புது விமானம். அதுல தப்பில்ல, அது விளையாட்டு. ஆனா அன்னிக்கு அப்புறம் +18ல கை வைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வரும்.

நம்ம தலைக்கு மேலயே

தாம்பரத்துல இருக்கிறது விமானப் பயிற்றுநர் பள்ளி. 1948ல அம்பாலாவுல ஆரம்பிச்சு 1954ல தாம்பரம் வந்தது. விமானம் ஓட்டக் கத்துக் கொடுக்கிறவங்களுக்கே கத்துக் கொடுக்கிற இடம். பெங்களூர்ல ஹெச்ஏஎல் செஞ்ச ஹெச்டி-2, அப்புறம் ஹெச்பிடி-32 'தீபக்'னு பிஸ்டன் என்ஜின் பயிற்சி விமானங்கள்ல ரெண்டு மூணு தலைமுறை விமானிகள் நம்ம படையில பறக்கப் பழகினாங்க.

தீபக்கோட கதை சோகமானது. 260 குதிரை சக்தி லைக்கமிங் என்ஜின். பறக்கும்போதே என்ஜின் நின்னுபோற பிரச்சனை தொடர்ந்து வந்துச்சு. நின்னா மிதந்து இறங்குறதுக்கும் அது நல்ல விமானம் இல்ல. 17 விபத்து, 19 விமானிகள் உயிரிழப்புன்னு பத்திரிகைகள்ல வந்தது. 2009 ஜூலைல ரெண்டு பயிற்றுநர்கள் இறந்த விபத்துக்குப் பிறகு அத்தனை தீபக்கையும் தரையில நிறுத்தினாங்க. 2013ல சுவிட்சர்லாந்தோட பிலாட்டஸ் பிசி-7 வந்தது. அது டர்போபிராப்.

பெரியவர்கிட்ட இதைப் பத்திப் பேசினப்ப அவர் சொன்னது ஒண்ணுதான்: "என்ஜின் நின்னா கீழ இருக்கிறவனுக்குத்தான் முதல்ல தெரியும். சத்தம் நிக்கும் பாருங்க, அது எந்தச் சத்தத்தை விடவும் பெருசு."

கடைசியா, நிறுத்துறது

இத்தனை எழுதிட்டு எப்படிச் சுடுறதுன்னு எழுதலையேன்னு கேட்டா, அதுக்கு யூட்யூப்ல ஆயிரம் பேர் இருக்காங்க. நான் சொல்ல விரும்புறது எப்படி நிறுத்துறதுன்னுதான்.

சண்டை முடிஞ்சு இறங்கினதும் பெரும்பாலானவங்க ஓடுதளத்துலயே எஸ்கேப் பட்டனை அமுக்கிடுவாங்க. மார்க் வந்துடும், அவ்வளவுதான். ஓரமா ஓட்டிட்டுப் போய் நிறுத்துறதுக்கு எந்த சிமுலேட்டரும் ஒரு பாயின்ட் கூடக் கொடுக்கறதில்ல.

நீங்க ஒரே ஒரு தடவை செஞ்சு பாருங்க. இறங்கும்போதே த்ராட்டிலை ஒரேயடியா மூடாதீங்க, கொஞ்சம் சக்தி வெச்சுக்கிட்டே வாங்க. சூடான என்ஜின் திடீர்னு குளிர்ந்தா அதுக்கும் கேடுதான். தரையைத் தொட்டதும் ஃப்ளாப்பை ஏத்துங்க, ரேடியேட்டரைத் திறங்க. ஸ்பிட்ஃபயர் மூக்கு நீளம், முன்னாடி ஒண்ணும் தெரியாது. அதனால பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ரெண்டு பக்கமும் எட்டிப் பார்த்துக்கிட்டே போங்க. நிறுத்துற இடம் வந்ததும் உடனே அணைக்காதீங்க. மெதுவா ஓட விடுங்க. முள்ளு கீழ இறங்கட்டும். அப்புறம் பெட்ரோலை வெட்டுற லீவர். விசிறி நாலு சுத்து சுத்தி நிக்கும். மேக்னெட்டோ ரெண்டும் ஆஃப். பெட்ரோல் காக் ஆஃப்.

எனக்கு இதுக்கு ரெண்டு நிமிஷம் கூடுதலா ஆகும். அப்புறம் பக்கத்துல இருக்கிற நோட்டுல எழுதுவேன்: +18, எத்தனை நிமிஷம், ஆயில் எவ்வளவு, என்ன குறை. ஒரு குயர் நோட்டு முடிஞ்சு ரெண்டாவது ஓடிக்கிட்டிருக்கு. படிக்கிறதுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லைன்னு தங்கமணி சொல்றாங்க. பெரியவர் ஒரு தடவை வாங்கி முழுசாப் படிச்சார். கடைசிப் பக்கத்துல 'ஆயில் ஒழுக்கு, இடது பக்கம், கவனிக்கவும்'னு நான் எழுதியிருந்ததுக்குக் கீழ, பேனா வாங்கி, 'கவனிக்கப்பட்டது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த நாள் அந்த விமானத்தைத்தான் எடுத்தேன்.